மரத்தூள் பலகை: எது வரை நம்பலாம்?

மரத்தூளில் மரவள்ளி மாவுப் பசையைக் குழைத்து, சூட்டில் அழுத்தினால் பலகை வந்துவிடும். மதுரை அவனியாபுரத்தில் இதை ஒரு சிறுதொழிலாகத் தொடங்கலாமா? தொடங்கலாம், சமையலறை அலமாரிக்கென்று விற்காத வரையில்.

நோக்கத்தில் குறையில்லை. கடையில் வாங்கும் பார்ட்டிகிள் போர்டில் பெரும்பாலும் யூரியா-ஃபார்மால்டிஹைடு பசைதான். விலை குறைவு, சட்டென்று இறுகும். ஆனால் செய்து முடித்த பின்னும் பலகை ஃபார்மால்டிஹைடைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அறிவித்தது.

மாற்றுக்கு மாவு நமக்குப் பஞ்சமில்லை. சேலம், ஆத்தூர் பக்கம் சேகோ ஆலைகள். நெசவு நூலுக்குக் கஞ்சி போடப் பழகிய புளியங்கொட்டை மாவு வேறு. சிக்கல் தண்ணீரில். மைதா பசையில் ஒட்டிய சினிமா போஸ்டர் ஐப்பசி மழையில் என்னவாகிறது என்பது மதுரைக்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாவுப்பசைப் பலகையை ஒருநாள் ஊறவைத்து ஓரத்தை விரலால் தேய்த்தால் தூள் உதிரும். தண்ணீரில் ஊறாவிட்டாலும், காற்றின் ஈரம் பட்டாலே பூஞ்சையும் கறையானும் மாவைத் தேடி வரும்.

சிட்ரிக் அமிலமும் சர்க்கரையும் சேர்த்து ஏறத்தாழ 200 டிகிரியில் அழுத்தும் முறையை ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அந்தப் பலகை நீரை நன்றாகவே தாங்குகிறது. ஆனால் அந்தச் சூட்டுக்கு ஆகும் மின்கட்டணத்தை யார் கட்டுவது? வாட்டில் மரப்பட்டை டானின் பசை தென்னாப்பிரிக்காவில் 1970களிலிருந்தே தொழிற்சாலையில் ஓடுகிறது. அதற்கும் இறுக்கியாக ஃபார்மால்டிஹைடோ ஹெக்சமினோ தேவைப்படுகிறது. அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் 2005இல் ஒட்டுப்பலகைக்குக் கொண்டுவந்த சோயா பசையிலும் ஒரு செயற்கைப் பிசின் உண்டு. 'முழுக்கத் தாவரம்' என்ற விளம்பரத்தைப் பார்த்தால், இறுக்கி எது என்று கேளுங்கள்.

இன்னொன்று, எல்லாப் பழியையும் பசை மேல் போடுவது அநியாயம். தூள் குட்டையானது, துகளுக்கு நீளம் இருந்தால்தான் பலகை வளைவைத் தாங்கும். தூளுக்கு மேற்பரப்பும் அதிகம், பசையும் அதிகம் குடிக்கும். எந்தப் பசை போட்டாலும், வெறும் தூள் பலகையில் கீல் திருகு நெடுநாள் நிற்காது. தச்சுப் பட்டறை இழைப்புச் சீவலைக் கலந்தால் நிலைமை மாறும். பசையை மாற்றுவதைவிட இது மலிவான வழி.

ஆகவே சீவல் கலந்த தூள், சிட்ரிக் அமிலம் சேர்த்த மாவு: இந்தச் சேர்க்கைக்கு என் ஓட்டு. அறிவிப்புப் பலகை, சுவரில் பதிக்கும் ஒலித்தடுப்புப் பலகை, பெட்டி உள்தடுப்பு ஆகியவற்றுக்கு இது போதும். ஒவ்வொரு பலகையின் முதுகிலும் 'ஈரம் படாத இடத்துக்கு மட்டும்' என்று அச்சிட்டே விற்க வேண்டும்.