மணிமேகலையின் மூன்று மந்திரங்கள்

வேற்றுரு கொள்ள ஒன்று, வான்வழியே செல்ல ஒன்று, பசியை ஒழிக்க ஒன்று. மணிமேகலா தெய்வம் மணிமேகலைக்குத் தந்த மந்திரங்கள் மூன்று. தமிழ்க் காப்பியங்களில் அவளைப்போல் ஊர் சுற்றிய பெண் இல்லை என்று பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லிவந்தேன். பெண்ணோடு கடற்பயணம் இல்லையென்று தொல்காப்பியம் போட்ட கோட்டை அவள் தாண்டினாள் என்றும் சொன்னதுண்டு. உத்திரமேரூர்ப் பக்கமிருந்து தினமும் பஸ்ஸில் வரும் மாணவி ஒருத்தி கேட்டாள்: "அவங்க எங்க மேம் பயணம் பண்ணாங்க? பறந்துதானே போனாங்க?"

திரும்பப் படித்தேன். மணிபல்லவத்துக்கு அவள் தானாகப் போகவில்லை. தெய்வம் எடுத்துச் சென்றது. புகாரில் காயசண்டிகையின் உருவை எடுத்தும் உதயகுமரன் பின்தொடர்வதை நிறுத்தவில்லை. கடைசியில் காயசண்டிகையின் கணவன் வாளால் அவன் மாண்டான். வஞ்சியில் சமயவாதிகளிடம் கேள்வி கேட்க ஆண்துறவி வேடம் வேண்டியிருந்தது. மழை பொய்த்த காஞ்சிக்கு வந்ததும் வான்வழியேதான். ஒரு பெண் பெண்ணாகவே வழிநடக்க முடியும் என்று சாத்தனாருக்குத் தோன்றவில்லை. அது அவருடைய குறையா, அவர் கண்ட தெருக்களின் குறையா என்பது வேறு.

2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டது. பிள்ளையார்பாளையத்தில் தார் சுற்றிக் கூலி வாங்கும் பெண்ணுக்கு அது என்ன என்பதைக் காரில் போகிறவர்கள் எளிதில் உணரமாட்டார்கள். ஆஸ்பத்திரிக்கோ அம்மா வீட்டுக்கோ போக யாரிடமும் காசு கேட்கவேண்டாம். எதற்கு என்று பதில் சொல்லவும் வேண்டாம். சங்கத் தமிழில் 'செலவு' என்றால் பயணம். பெரும்பாலும் தலைவனுடைய பயணம். தலைவிக்கு வாய்த்தது உடன்போக்கு, அதுவும் அவன் கூட. இன்று செலவு என்றால் பணம். இரண்டு பொருளிலும் செலவு அவன் கையில்தான் இருந்தது.

இதைத்தான் 'ஓசி' என்கிறார்கள். கம்பெனிக் காலத் தபால் முத்திரையிலிருந்து வந்த சொல் என்று ஒரு கதை உண்டு. உண்மையானால், வெள்ளைக்காரத் துரை தபால்தலை ஒட்டாமல் கடிதம் அனுப்பியது உரிமை, பெண் சீட்டுக்குக் காசு தராமல் ஏறினால் இனாம். 2022இல் அமைச்சர் ஒருவரே மேடையில் அந்தச் சொல்லை வீசினார். கை காட்டியும் நிற்காமல் போகும் பஸ்ஸிலும் நான் கேட்பது அந்தச் சொல்லைத்தான்.

சென்னைக்குப் போகும் பஸ்ஸில் இன்னும் காசுதான். வாலாஜாபாத் தாண்டிய கனவுக்கு டிக்கெட் உண்டு. வேற்றுரு மந்திரமும் கைவிடப்படவில்லை: மார்போடு அணைத்த பை, பாட்டே ஓடாத ஹெட்போன், யாரோடோ பேசுவதுபோல் காதில் வைத்த செல்போன். எல்லாம் என் மாணவிகள் தினமும் சொல்லும் மந்திரங்கள்.

இந்த ஆண்டுத் தேர்வில் 'மணிமேகலையின் பயணங்களை விளக்குக' என்ற பழைய கேள்வியை எடுத்துவிட்டு, 'மணிமேகலை நடந்து போயிருந்தால்?' என்று வைத்தேன். அந்த மாணவி கூடுதல் தாள் வாங்கினாள். ஐந்தரை மணி பஸ் போய்விடும் என்று பாதி வாக்கியத்தில் நிறுத்தியிருந்தாள்.