உல்லாசக் கப்பலும் நம் பயணக் கட்டுரையும்

அண்மைக் காலத்தில் நம்மவர் எழுதும் பயணக் கட்டுரைகளில் உல்லாசக் கப்பல் அடிக்கடி இடம்பெறக் காண்கிறோம். இதில் வியப்பில்லை. கெந்திங் குழுமம் 1993 இல் தொடங்கிய ஸ்டார் குரூசஸ் நம் நாட்டாருக்கு இப்பயணத்தைப் பழக்கிவிட்டது. பெருந்தொற்றில் நலிந்த கெந்திங் ஹாங்காங் 2022 ஜனவரியில் நொடித்துப்போனது. எனினும் அதே ஆண்டு ரிசோர்ட்ஸ் வோர்ல்ட் குரூசஸ் என்னும் புதிய நிறுவனம் தோன்றி, ஜூனில் 'கெந்திங் டிரீம்' என்ற கப்பலைச் சிங்கப்பூரிலிருந்து செலுத்தியது. கிள்ளான் துறைமுகத்திற்கும் அது வரலாயிற்று. அம்பாங்கில் காலையுணவை முடித்துப் புறப்படுகிறவர் மாலைக்குள் கடல்மீது இருக்கலாம் என்ற நிலை வந்தது.

கட்டுரைகளுக்குக் குறைவில்லை, அவற்றில் கடல்தான் இல்லை. எத்தனை மாடி, எத்தனை உணவகம், இரவில் என்ன ஆட்டம், பிள்ளைகளுக்கு என்ன சறுக்கு என்ற பட்டியலே கட்டுரையாகிறது. 'கப்பல்' என்ற சொல்லை அடித்துவிட்டு 'விடுதி' என்று எழுதினாலும் ஒரு வாக்கியமும் குலையாது. விளம்பரத் தாளை நல்ல தமிழில் பெயர்த்த பெருமை மட்டும் ஆசிரியருக்கு எஞ்சுகிறது.

தமிழில் இத்துறை இப்படியா தொடங்கியது? 'உலகம் சுற்றும் தமிழன்' எழுதிய ஏ. கே. செட்டியாரை மாணவர்கள் ஒருமுறை படித்துப் பார்க்கவேண்டும். சிறு சிறு வாக்கியங்கள். தம்மைப் பற்றி அடக்கமான பேச்சு. கட்டடங்களைவிட மனிதர்மீதே கண். 1937 அக்டோபர் 2 ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போகையில்தான் காந்தியடிகளைப் பற்றிய படம் எடுக்கும் எண்ணம் அவருக்கு உதித்தது. 1940 இல் படம் வெளிவந்தது. கடல் நடுவில் வேறு வேலையின்றி இருக்கும் மனம் என்னென்ன செய்யவல்லது என்பதற்கு இஃதொரு சான்று. இன்றைய கப்பலிலோ அந்த வெறுமைக்கே இடமில்லை. மணிக்கு ஒரு நிகழ்ச்சி.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' பயணக் கட்டுரையன்று, நாவல். ஆயினும் சுமத்ராவிலிருந்து பினாங்கிற்கு வரும் தொங்கான் புயலில் சிக்கும் பகுதியை இங்கு நினைக்காமல் இருக்க முடியவில்லை. வாக்கியங்களே துண்டு துண்டாக உடைந்து வீழ்கின்றன. உல்லாசக் கப்பல் மிதந்து செல்வதும் அதே மலாக்கா நீரிணையில்தான்!

பிறரைக் குறைகூறுவது எளிது. சென்ற ஆண்டு நானும் என் தாயாரை அழைத்துக்கொண்டு மூன்று இரவுப் பயணம் ஒன்று போய்வந்தேன். எழுதியும் பார்த்தேன், மேலே இகழ்ந்த பட்டியலே என் தாளிலும் இறங்கிற்று. அம்மா மாடத்தில் அமர்ந்து நீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று, "கீழே எத்தனை பேர் படுத்திருக்காங்க?" என்று கேட்டார்.

சிறுமியாக நாகப்பட்டினத்தில் ரஜுலாவில் ஏறியவர் அவர். 1926 இல் கட்டப்பட்ட அக்கப்பல், வ. உ. சி. 1906 இல் சுதேசிக் கம்பெனி தொடங்கி எதிர்த்து நின்ற அதே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியுடையது. ஏறத்தாழ 8,500 டன் கொண்ட அதில், தொடக்க காலத்தில் 5,000 பேருக்குமேல் ஏற்ற அனுமதி இருந்தது. பெரும்பாலோர் தளத்திலே பாய் விரித்துக் கிடந்தவர்கள். கெந்திங் டிரீமோ ஏறத்தாழ 1,50,000 டன். பயணிகள் 3,300 பேர் அளவில். ஆளுக்கு இரண்டு டன்னும் தேறாத இடத்திலிருந்து நாற்பத்தைந்து டன்னுக்கு வந்திருக்கிறோம். வந்ததில் பிழையில்லை. வாந்தியும் நெருக்கடியும், இறங்கியபின் ஜெரஜா தீவின் தனிமைப்படுத்தலும் இலக்கியத்திற்கு நல்லவை என்று வாதிக்கும் கொடுமையை நான் செய்யமாட்டேன்.

ஆனால் அம்மாவின் கேள்விக்கு விடை உண்டு. கீழே இன்றும் ஆட்கள் இருக்கிறார்கள். பாய் விரித்த பயணிகளல்லர், ஒப்பந்தத்தில் வந்த ஊழியர்கள். பிலிப்பைன்சிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும், பிள்ளைகளை ஊரில் விட்டுவந்து, நம் படுக்கை விரிப்பை மாற்றுகிறவர்கள். பிழைப்புக்காகக் கடல் கடந்தவர் பேரப்பிள்ளைகளாகிய நாம், அவர்களை ஒரு வரியில், 'புன்னகையுடன் வரவேற்றனர்' என்று முடித்துவிடுகிறோம். செட்டியாராக இருந்தால் முதலில் அவர்களிடம்தான் ஊர் கேட்டிருப்பார்.

மற்றொரு குறையும் உண்டு. ரஜுலா 1973 இல் கைமாறி, மறு ஆண்டே உடைக்கப்பட்டது. அதன்பின் சென்னையிலிருந்து வந்துபோன 'சிதம்பரம்' 1985 பிப்ரவரியில் தீப்பற்றியது. உயிர்கள் பல மாண்டன. அத்துடன் அக்கப்பல் போக்குவரத்தும் நின்றது. தளத்தில் படுத்து வந்தவர்கள் தம் கைப்பட எழுதிவைத்த பக்கங்கள் மிகச் சில. அவர்களில் இளையவருக்கும் இன்று ஐம்பது, அறுபது வயதாகிறது. மாணவர்களுக்கு 'நான் சென்ற கப்பற் பயணம்' என்று தலைப்புக் கொடுக்கும் ஆசிரியர்கள், 'என் பாட்டி வந்த கப்பல்' என்றும் ஒருமுறை கொடுத்துப் பார்க்கலாம்.

நான் எழுதியதைக் கிழித்துவிட்டேன். ரஜுலாவில் குடிநீருக்கு எங்கே வரிசை நின்றார்கள் என்று அம்மாவிடம் கேட்டுக் குறித்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை நான்கு பக்கம் ஆகியிருக்கிறது. கப்பல் இன்னும் நாகப்பட்டினத்தை விட்டுப் புறப்படவில்லை.