ஜூன் 30: ஒரு விதியின் எல்லைக்கோட்டுப் பிழை

ப்ரோக்ராம் எழுதுகிறவர்களுக்குப் பழக்கமான பிழை ஒன்று உண்டு. பத்துக் கம்பம் நட்டு வேலி போட்டால் நடுவில் எத்தனை இடைவெளி? பத்து என்று வாய் சட்டென்று சொல்லிவிடும், எண்ணினால் ஒன்பதுதான். எங்கள் தொழிலில் இதற்கு ‘ஆஃப் பை ஒன்’ என்று பெயர். கணக்கு முழுக்கச் சரியாக இருக்கும், எல்லையில் மட்டும் ஒன்று இடிக்கும். மத்திய அரசு ஊழியர்களின் சம்பள விதியிலும் இப்படி ஒன்று இருந்தது. 2025-ல் சரிசெய்துவிட்டார்கள் என்கிறார்கள். பாதிதான் சரியானது என்பது என் வாசிப்பு. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் இரண்டு விதிகள். ஒன்று, ஓய்வு. அறுபது வயது முடிகிற மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு. பிறந்த தேதி 1 என்றால் மட்டும் முந்தைய மாதத்தின் கடைசி நாள். இரண்டு, இன்கிரிமென்ட். முன்பு ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதம் வந்துகொண்டிருந்தது. ஆறாவது சம்பளக் கமிஷனுக்குப் பிறகு வந்த 2008-ஆம் ஆண்டு விதிகளில், விதி 10 எல்லோருக்கும் ஒரே தேதி வைத்தது: ஜூலை 1. எங்கள் பாஷையில் சொன்னால் பேட்ச் ஜாப். ஆபீஸுக்கு வேலை மிச்சம். 2016-க்குப் பிறகு ஜனவரி 1, ஜூலை 1 என இரண்டு தேதிகள்.

தனித்தனியாகப் படித்தால் இரண்டிலும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சேர்த்து ஓடவிட்டுப் பாருங்கள். ஒருவர் 1953 ஜூலை 1-ல் பிறந்தவர். இன்னொருவர் ஜூலை 2. ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே சம்பளம். முதலாமவருக்கு 2013 ஜூன் 30-ல் ஓய்வு. முந்தைய ஜூலை 1 முதல் முழுசாகப் பன்னிரண்டு மாதம் வேலை பார்த்திருக்கிறார். ஆனால் இன்கிரிமென்ட் விழுகிற காலையில் அவர் ஊழியர் இல்லை, பென்ஷனர். ஆகவே கிடையாது. இரண்டாமவர் ஜூலை 31 வரை இருப்பார், அவருக்கு உண்டு.

இதைவிட வேடிக்கை அதே விதி 10-ல் இருக்கிறது. ஜூலை 1 அன்று பணியில் இருப்பவருக்கு அந்தச் சம்பள நிலையில் ஆறு மாதம் முடிந்திருந்தாலே போதும், இன்கிரிமென்ட் உண்டு. ஆறு மாதம் வேலை செய்தவருக்குக் கிடைக்கிறது, பன்னிரண்டு மாதம் செய்தவருக்குக் கிடைக்கவில்லை. கிரிவலப் பாதையில் பதினாலு கிலோமீட்டரும் நடந்து ராஜகோபுரத்துக்குத் திரும்பி வந்தவரைப் பார்த்து, “நாளைக்குக் காலையிலும் இங்கேயே நின்றால்தான் நீங்கள் சுற்றினதாகக் கணக்கு” என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கிறது.

பாதிப்பு யாரோ நாலு பேருக்குத்தானே என்று நினைக்கவேண்டாம். எங்கள் திருவண்ணாமலைப் பக்கம் ஓய்வுபெற்ற பெரியவர்களிடம் பிறந்த தேதி கேட்டுப் பாருங்கள். மே, ஜூன் என்று நிறையவே வரும். அந்தத் தலைமுறையில் பலருக்குப் பள்ளியில் சேர்த்த அன்று வாத்தியார் போட்ட தேதிதான் பிறந்த தேதி. ஜூனில் பள்ளி திறக்கும், அதற்குள் ஐந்து வயது முடிந்திருக்கவேண்டும். அதற்கு ஏற்ற மாதிரி ஒரு தேதி. அந்த ஜூன் தேதிதான் அறுபது வருஷம் கழித்து ஜூன் 30-ல் கொண்டுபோய் நிறுத்துகிறது.

பணக் கணக்கு இது. மத்திய அரசின் சம்பள அட்டவணையில் நிலை 6-ல் 70,000 ரூபாய்க்கு அடுத்த கட்டம் 72,100. பென்ஷன் கடைசிச் சம்பளத்தில் பாதி: 35,000 அல்லது 36,050. மாதம் 1,050 வித்தியாசம், அகவிலைப்படி தனி. இருபது வருஷத்துக்குப் போட்டால் 2,52,000 ரூபாய்.

இதை எதிர்த்து நின்ற வழக்குகளில் முக்கியமானது சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த அய்யம்பெருமாள் வழக்கு. மத்திய அரசின் சுங்க, கலால் துறையிலிருந்து 2013 ஜூன் 30-ல் ஓய்வுபெற்றவர். 2017 செப்டம்பர் 15-ல் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது: ஒரு வருஷ வேலை முடிந்துவிட்டது, பென்ஷன் கணக்குக்காக அந்த இன்கிரிமென்ட்டைச் சேர்க்கவேண்டும். மத்திய அரசின் மேல்முறையீட்டை 2018-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அத்தோடு விதியைத் திருத்தியிருக்கலாம். அரசு என்ன சொன்னது தெரியுமா? இந்தத் தீர்ப்பு அய்யம்பெருமாளுக்கு மட்டும்தான். ஒரு யூசர் புகார் கொடுத்தால் அவருடைய அக்கவுன்ட்டை மட்டும் சரிசெய்துவிட்டு, கோடை அப்படியே விடுகிற வேலை இது. பிறகு டெல்லி, அலகாபாத் என்று ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொருவராக வழக்குப் போட்டார்கள்.

எதிர்த்தரப்பையும் நியாயமாகச் சொல்லிவிடவேண்டும். 2005-ல் ஆந்திர உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு நேர் எதிராகத் தீர்ப்பளித்திருந்தது. இன்கிரிமென்ட் என்பது பணியில் இருப்பவரை ஊக்கப்படுத்தத் தருவது, போய்விட்டவருக்கு ஊக்கம் எதற்கு என்பது அந்தப் பக்கத்து வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வருங்கால வேலைக்கான ஊக்கம் என்றால், போன வருஷத்து நன்னடத்தையை எதற்குப் பார்க்கிறார்கள்? ஒழுங்கு நடவடிக்கையில் இன்கிரிமென்ட்டை எதற்கு நிறுத்துகிறார்கள்? நடந்து முடிந்த வேலையை வைத்துத்தான் அது தீர்மானமாகிறது. 2023 ஏப்ரல் 11-ல் கர்நாடக மின் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பக்கம்தான் நின்றது. ஒரு வருஷ நல்ல சேவையால் சம்பாதித்தது இன்கிரிமென்ட். மறுநாள் கைக்கு வருகிறது என்பதாலேயே உரிமை போய்விடாது.

அருமையான வாதம். பிரச்சினை அதற்குப் பிறகுதான். 2025 பிப்ரவரி 20-ல் உச்ச நீதிமன்றம் இன்னொரு உத்தரவில் தெளிவுபடுத்தியது: முன்பு வழக்குப் போடாதவர்களுக்கு உயர்ந்த பென்ஷன் 2023 மே 1 முதல்தான், அதற்கு முந்தைய நிலுவை கிடையாது. அதே ஆண்டு மே மாதம் மத்திய பணியாளர் துறை வெளியிட்ட உத்தரவு, இது பென்ஷன் கணக்குக்கு மட்டும், மற்ற ஓய்வுக்காலப் பலன்களுக்கு இல்லை என்றது.

என் விமர்சனம் இங்கேதான். அந்த இன்கிரிமென்ட் சம்பாதித்தது என்றால், அது சம்பளம். சம்பளம் என்றால் கிராஜுட்டிக்கும் அதுதானே கணக்கு? முழு சர்வீஸ் போட்டவருக்குக் கிராஜுட்டி பதினாறரை மாதச் சம்பளம். 2,100-ஐப் பதினாறரையால் பெருக்கினால் 34,650 ரூபாய், அகவிலைப்படி சேர்க்காமல். அது இல்லை என்கிறார்கள். சம்பாதிக்கவில்லை என்றால் பென்ஷனில் மட்டும் எதற்குத் தருகிறார்கள்? ‘நோஷனல்’, அதாவது கருத்தளவில் என்ற ஒரு சொல்லைப் போட்டு, காரணத்தை ஒப்புக்கொண்டு விளைவைப் பாதியாக்கிவிட்டார்கள். செலவைக் கட்டுப்படுத்தவேண்டும் என்றால் அதை நேராகவே சொல்லலாம். அது விவாதிக்கத்தக்க காரணம். தர்க்கம் போல உடுத்தி அனுப்பவேண்டியதில்லை.

விதி எழுதுகிறவர்களுக்கு இரக்கமே தெரியாது என்றும் சொல்லமுடியாது. பென்ஷனுக்குக் குறைந்தது பத்து வருஷ சர்வீஸ் வேண்டும். ஆனால் மூன்று மாதமும் அதற்கு மேலும் உள்ள பின்னத்தை அரை வருஷமாக எடுத்துக்கொள்ளலாம் என்று 1972-ன் மத்திய ஓய்வூதிய விதிகளே சொல்லின. ஒன்பது வருஷம் ஒன்பது மாதம் என்றால் பத்து. எல்லைக்கோட்டில் மனிதர்கள் நிற்பார்கள் என்று யோசித்து எழுதியவர்கள் இருந்திருக்கிறார்கள். மூன்று மாதத்தை மன்னித்த அதே அரசுதான் ஒரு ராத்திரிக்குக் கணக்குப் பார்த்தது.

தமிழ்நாடு இதில் முந்திக்கொண்டது. இங்கே இன்கிரிமென்ட் காலாண்டுக்கு ஒரு தேதியில் விழும். மறுநாள் விழவேண்டியதை ஓய்வால் இழப்பவருக்கு ஓய்வூதியப் பலன்களுக்காக ஒரு கருத்தளவு இன்கிரிமென்ட் என்று நிதித்துறை அரசாணை 311 சொல்கிறது. தேதி 2014 டிசம்பர் 31. டெல்லிக்குப் பத்து வருஷம் முன்னால், எல்லோருக்கும் பொதுவாக. இதுதான் கோடைத் திருத்துகிற முறை.

உங்கள் வீட்டில் ஜூன் 30-லோ டிசம்பர் 31-லோ ஓய்வுபெற்ற மத்திய அரசு ஊழியர் யாராவது இருந்தால், அவருடைய பி.பி.ஓ.-வை எடுத்துக் கடைசிச் சம்பளம் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். அந்தக் கடைசி இன்கிரிமென்ட் சேரவில்லை என்றால், 2025 மே உத்தரவைக் குறிப்பிட்டு, அவர் ஓய்வுபெற்ற அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதிப் போடுங்கள். இன்றைக்கே.