ஓடவைத்துப் பார்க்கும் எக்கோ: யாருக்கு, எதற்காக?

ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு முழு உடல் பரிசோதனை விளம்பரங்கள் புதியவை அல்ல. இத்தகைய பரிசோதனைத் தொகுப்புகள் சிலவற்றில் ‘ஸ்டிரெஸ் எக்கோ’ என்னும் இதயச் சோதனையும் இடம்பெறுகிறது. உடம்பில் எந்தத் தொல்லையும் இல்லாத இளம் தொழிலாளியும் இதைச் செய்துகொண்டால் மாரடைப்புப் பயமின்றி இருக்கலாம் என்ற எண்ணம் மக்களிடையே வளர்ந்து வருகிறது. இந்த எண்ணம் அறிவியலுக்குப் பொருந்துமா? அதைத்தான் இங்கே ஆராயப் போகிறோம்.

முதலில் சோதனையின் அடிப்படையைக் காண்போம். நொடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலி நம் காதுக்குக் கேட்பதில்லை. இதை மீயொலி என்கிறோம். இதயச் சோதனையில் நொடிக்குச் சுமார் 20 இலட்சம் முதல் 40 இலட்சம் அதிர்வுகள் கொண்ட மீயொலி மார்பினுள் செலுத்தப்படுகிறது. இதயச் சுவர்களில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக்கொண்டு கருவி படம் வரைகிறது.

இக்கருவியின் பிறப்பு ஓசூர் வாசகர்களுக்குச் சுவையாக இருக்கும். உலோக வார்ப்புகளில் மறைந்திருக்கும் விரிசலைக் கண்டறிய ஆலைகளில் பயன்படும் மீயொலிக் கருவிதான் இதன் மூலம். ஸ்வீடன் நாட்டு லுண்ட் நகரில் 1953-ஆம் ஆண்டு, மருத்துவர் இங்கே எட்லரும் இயற்பியலார் ஹெல்முத் ஹெர்ட்ஸும் அத்தகைய கருவியை மால்மோ கப்பல் கட்டும் தளத்தில் இரவல் பெற்று, இதயத்தின் அசைவை முதன்முதலாகப் பதிவு செய்தனர்.

ஆயின் ஒன்றை மறக்கக்கூடாது. வார்ப்பில் விரிசலையே நேராகக் காணும் அம்முறை, இதயத்தில் அடைப்பை நேராகக் காண்பதில்லை. இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கரோனரி தமனிகள் மிக மெல்லியவை. மார்பின்மேல் வைத்துப் பார்க்கும் எக்கோவில் அவற்றின் அடைப்பு தெரியாது. தெரிவது இதயச் சுவரின் அசைவுதான். ஓய்வாக இருக்கும்போது, தமனி பாதிக்குமேல் சுருங்கியிருந்தாலும் இரத்த ஓட்டம் குறையாமல் இருக்கக்கூடும். சுமையின்றி ஓடும் மோட்டாரில் குறை தெரியாது. சுமை ஏற்றினால் தெரியும் அல்லவா? அதுபோல நோயாளியை டிரெட்மில்லில் ஓடவைத்தோ, ஓட முடியாதவருக்கு டோபுடமின் மருந்து செலுத்தியோ இதயத்தை விரைவாகத் துடிக்கச் செய்கிறார்கள். பொதுவாக, 220-லிருந்து வயதைக் கழித்து வருவதில் 85 விழுக்காட்டை எட்ட வேண்டும் என்பர். 40 வயதினருக்கு இது நிமிடத்துக்கு 153 துடிப்பு. ஓடி நின்ற ஒன்று ஒன்றரை நிமிடத்துக்குள் படம் எடுத்தாக வேண்டும். இரத்தம் போதாத பகுதியின் சுவர் அப்போது சோர்ந்து அசையும்.

இது நல்ல சோதனையே. கதிர்வீச்சு இல்லை, எந்தப் பகுதி பாதிக்கப்பட்டுள்ளது என்றும் காட்டும். வேகமாக நடக்கும்போது மார்பில் இறுக்கம் உணரும் ஐம்பது வயதுக்காரருக்கு இது பெரிதும் பயன்படலாம். குறை சோதனையில் இல்லை. யாருக்கு என்று கேளாமல் எல்லோருக்கும் அதை விற்பதில்தான் இருக்கிறது.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். நோயுள்ள 100 பேரில் 80 பேரையும், நோயற்ற 100 பேரில் 80 பேரையும் இச்சோதனை சரியாக இனங்காணும் எனக் கொள்வோம். ஆய்வுகளில் கண்ட அளவுகளும் ஏறத்தாழ இவற்றை ஒட்டியவையே. வலி எதுவும் இல்லாத இளம் தொழிலாளர் 1,000 பேரில் 20 பேருக்கு மட்டும் நோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்களுள் 16 பேரைச் சோதனை கண்டுபிடிக்கும். நோயற்ற 980 பேரில் 196 பேரையும் அது நோயாளி என்று தவறாகக் காட்டும். ஆக, ‘கோளாறு’ என்று சீட்டுப் பெறும் 212 பேரில் 16 பேருக்கே உண்மையில் நோய்! பதின்மூன்று பேரில் ஏறத்தாழ ஒருவர்.

இனி, நடந்தால் மார்புவலி வரும் முதியவர்கள் 1,000 பேரை எடுத்துக்கொள்வோம். இவர்களில் 400 பேருக்கு நோய் இருப்பதாகக் கொண்டால், 440 பேருக்குக் ‘கோளாறு’ எனச் சீட்டு வரும். அவர்களுள் 320 பேர் உண்மை நோயாளிகள். கருவி அதேதான், ஆனால் விடையின் மதிப்பு தலைகீழாக மாறிவிட்டது. வயது, பால், வலியின் தன்மை ஆகியவற்றை முதலில் எடைபோட வேண்டும் என்று டயமண்ட், ஃபாரெஸ்டர் என்னும் அமெரிக்க மருத்துவர்கள் 1979-லேயே விளக்கினர். நோய்க்குறி இல்லாத, ஆபத்துக் குறைந்தவர்களுக்கு இச்சோதனையைத் தவிர்க்குமாறு அமெரிக்க எக்கோ வல்லுநர் சங்கமே 2013-இல் அறிவுறுத்தியது. தவறான சீட்டு வெறும் காகிதமன்று. அச்சம், கடன், வேலை இழப்பு, தேவையற்ற ஆஞ்சியோகிராம் ஆகியவை அதன் பின்னே வரலாம்.

‘எல்லாம் சரி’ என்ற சீட்டிலும் ஆபத்து உண்டு. தமனியைப் பெரிதும் அடைக்காத கொழுப்புப் படிவு திடீரென வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைவதாலும் மாரடைப்பு வரும். அத்தகைய படிவை இச்சோதனை காட்டாது. ஆறு மாதம் முன்பு எக்கோ சரியாக இருந்தது, இது வெறும் வாயு என்று எண்ணி மார்புவலியைப் பொறுத்துக்கொண்டு ஷிப்டை முடிப்பவர் உயிரோடு விளையாடுகிறார்.

அடைப்பு இருப்பது தெரிந்தால் உடனே ஸ்டென்ட் வைத்தாக வேண்டுமா? 37 நாடுகளில் 5,179 நோயாளிகளைக்கொண்டு நடந்த ‘இஸ்கீமியா’ ஆய்வின் முடிவு 2020-இல் வெளியாயிற்று. அடைப்பு நிலையாக உள்ளவர்களிடம், மருந்தோடு தொடங்குவதைவிட ஸ்டென்ட் அல்லது அறுவையோடு தொடங்குவது மாரடைப்பையோ மரணத்தையோ குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை. மார்புவலி உள்ளவர்களுக்கு வலி குறைந்தது என்பதும் உண்மை. இடப்புற முதன்மைத் தமனியில் பெரிய அடைப்புள்ளவர்கள் இதில் சேர்க்கப்படவில்லை.

அப்படியானால் தொழிலாளருக்கு எதைச் சோதிப்பது? விடை நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. சூளகிரி வட்டாரத்துச் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது. இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீடு தேடிச் சென்று பார்த்து மருந்து தருவது அதன் வேலை. இவ்விரண்டோடு கொழுப்பையும் அளந்து, புகையிலையை விடச் செய்தால் எத்தனையோ மாரடைப்புகளைத் தடுக்கலாம். இதற்கு ஆகும் செலவும் சிறிது.

வாசகர்களே, எந்தச் சோதனைக்கும் பணம் கட்டுமுன் மருத்துவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: “எனக்கு இந்நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு? முடிவு எப்படி வந்தாலும் என் சிகிச்சை மாறுமா?” மார்பில் இறுக்கமும் வியர்வையும் மூச்சுத்திணறலும் வந்தாலோ கேள்விக்கு நேரமில்லை. உடனே 108-ஐ அழைத்து, அருகிலுள்ள மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுங்கள். பழைய சீட்டு வீட்டிலேயே இருக்கட்டும்.