வாவிக்கரைச் சித்திரங்கள்: மட்டக்களப்பின் பழைய படங்கள் பற்றிய ஓர் ஆராய்ச்சி

மட்டக்களப்பு வாவி, வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை, ஏறக்குறைய 56 கிலோமீற்றர் தூரம் நீண்டு கிடக்கும் நீர்நிலை. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்பரப்பைச் சூரியோதய திசை பற்றி எழுவான்கரை என்றும், வாவிக்கு மேற்கே வயலும் வனமுமாய் விரிந்த நிலத்தை அஸ்தமன திசை பற்றிப் படுவான்கரை என்றும் வழங்கி வருவது இந்நாட்டு மக்களின் தொன்றுதொட்ட மரபாகும். இவ்விரு கரைகளையும் பற்றிக் கடந்த நான்கு நூற்றாண்டுகளில் தீட்டப்பட்ட சித்திரங்களையும், செப்புத் தகட்டிலும் மரக்கட்டையிலும் செதுக்கி அச்சிட்ட படங்களையும், பிற்காலத்துப் புகைப்படங்களையும் ஒருசேர வைத்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை விரைவிலேயே புலனாகும். அவற்றுட் பெரும்பாலானவை கடல் வழியே வந்த அந்நியர் கண்ட கோட்டையையும் துறையையும் பாலத்தையுமே காட்டுவன. நெல் விளைந்த படுவான்கரையின் ஜீவிதம் அவற்றில் அருகியே தோன்றும். பழைய படம் சென்ற காலத்தைக் காட்டும் சாளரம் என்று சொல்லுவது எளிது. அச்சாளரத்தை எந்தச் சுவரில், எந்தத் திசை நோக்கி, யார் திறந்தார் என்று வினவும்போதுதான் சரித்திர ஆராய்ச்சி ஆரம்பமாகிறது.

ஒல்லாந்துக் கடற்றளபதி யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் 1602ஆம் ஆண்டு மே மாத இறுதியில் மட்டக்களப்புக் கரையை அடைந்து, போர்த்துக்கேயரின் ஒற்றரோ என்று இவ்வூரார் கொண்ட ஐயத்தைப் பிரயாசைப்பட்டுத் தீர்த்து, இங்கிருந்து கண்டி நகருக்குச் சென்று விமலதர்மசூரிய மன்னனைக் கண்ட வரலாறு, 1605இல் டெல்ஃப்ற் நகரில் வெளியான அவரது பிரயாண நூலில் விரிவாக உள்ளது. செதுக்குக் கலைஞரான புளோரிஸ் பல்தாசர் வெளியிட்ட அந்நூலின் செப்புப் படங்களில், மன்னனும் தளபதியும் கைகோத்து நிற்கும் காட்சி இலங்கைச் சரித்திர நூல்களிலெல்லாம் மீண்டும் மீண்டும் எடுத்தாளப்பட்டுப் பிரசித்தி பெற்றது. ஆயினும் அக்காட்சியைத் தகட்டில் வரைந்த கை ஒல்லாந்து நாட்டிலேயே இருந்த கை என்பதை நாம் மறத்தலாகாது. மன்னனின் உடை எத்தகையது, அவன் பரிவாரம் எப்படி நின்றது என்பவற்றுக்கு அப்படத்தைத் தனி ஆதாரமாகக் கொள்ளுதல் தகாது. ஒல்லாந்தர் இந்நாட்டு அரசனோடு சமானமாக நின்று நட்புக் கொண்டதாகத் தம் தேசத்தாருக்குக் காட்ட விரும்பினர் என்ற செய்திக்கோ அதைவிடச் சிறந்த ஆதாரம் வேறில்லை.

அக்காலத்துச் செதுக்குப் படங்களை ஆராய்பவர் அவை உண்டான முறையையும் அறிந்திருத்தல் அவசியம். செப்புத் தகட்டில் கூரிய கருவியாற் கீறிய கோடுகளில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டுத் தாளை வைத்து அழுத்தும்போது, தகட்டில் வலப்புறம் இருந்தது தாளில் இடப்புறமாகப் பதியும். மூலச் சித்திரத்தை உள்ளபடியே தகட்டில் வரைந்துவிட்டால், அச்சிற் கோட்டையும் கரையும் திசை மாறிப் போய்விடும். ஆதலால் படத்திற் காணும் நீரும் நிலமும் நேரிற் காணும் நீரோடும் நிலத்தோடும் பொருந்துகின்றனவா என்று சோதித்த பின்னரே அதனை நம்புதல் வேண்டும்.

திசையைப் போலவே காலத்தையும் சோதித்தல் வேண்டும் என்பதற்கு மட்டக்களப்பின் புளியந்தீவிலுள்ள கோட்டையின் வரலாறு நல்ல உதாரணம். போர்த்துக்கேயர் 1628இல் அதைக் கட்டினர். பத்தே ஆண்டுகளின் பின், 1638ஆம் ஆண்டு மே மாதத்தில், வெஸ்டர்வோல்ட் என்னும் தளபதியின் கீழ் வந்த ஒல்லாந்தர் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் படைத்துணையோடு அதைக் கைப்பற்றினர். போர்த்துக்கேயரின் கீழைத்தேசக் கோட்டைகளைப் பற்றி அந்தோனியோ பொக்காரோ எழுதி, பேத்ரோ பரேத்தோ தெ ரெசெந்தே வண்ணப்படங்கள் சேர்த்த தொகுதி 1635ஆம் ஆண்டுக்கு உரியது. புளியந்தீவுக் கோட்டை போர்த்துக்கேயர் வசமிருந்தது அந்தப் பத்தாண்டுக் காலமே என்பதை நினைக்கும்போது, அக்காலத்துள் எழுந்த ஒவ்வொரு வரைபடமும் எத்துணை அருமையானது என்பது விளங்கும். பின்னர், 1658 முதல் 1665 வரை யாழ்ப்பாணத்திற் குருவாயிருந்த பிலிப்பு பால்தேயஸ், மலையாளக் கரை, சோழமண்டலக் கரை, இலங்கை ஆகியவற்றை வருணித்து எழுதிய பெருநூல், 1672இல் அம்ஸ்ரர்டாமிற் பல சித்திரத் தகடுகளோடு வெளியாயிற்று. அதிலே தமிழ் எழுத்துக்களும் தகட்டிற் செதுக்கப்பட்டு இடம் பெற்றன. நம் எழுத்தைத் தகட்டிற் செதுக்கிய அந்நூலிலும் வயல் நிலத்து உழவனின் முகத்தைத் தேடுவோர் ஏமாற்றமே அடைவர். கோட்டையும் துறையும் யுத்தமுமே அக்காலத்து ஒல்லாந்து வணிக சங்கத்தாரின் சிரத்தைக்கு உரியனவாயிருந்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மரக்கட்டைச் செதுக்கு முறை பரவியபோது நிலைமை சற்றே மாறிற்று. மரக்கட்டையிற் கோடுகள் மேடாக நிற்பதால், அதை அச்செழுத்துக்களோடு சேர்த்து ஒரே பக்கத்தில் அடித்துவிடலாம். எழுத்தும் படமும் அடுத்தடுத்து நிற்கும் நூல்கள் குறைந்த செலவிற் பெருகின. இலங்கை அரசாங்கத்தில் உயர் பதவி வகித்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், 1848ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் மட்டக்களப்புக்கு வந்து, நிலவு எழுந்த பின் மீனவரோடு தோணியேறி வாவியிற் சென்று, நீரினடியிலிருந்து எழும் இன்னிசையைத் தம் காதாற் கேட்டார். கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பை ஈர விரலால் தேய்த்தாற்போல் அவ்வொலி இருந்ததென்று அவர் எழுதி வைத்தார். அவ்விசையை எழுப்புவது ஊரி என்னும் சிப்பியினம் என்று மீனவர் சொன்னதையும் பதிவு செய்து, 1861இல் வெளியான தமது இலங்கை இயற்கை நூலில் அச்சிப்பி இனத்தின் உருவத்தை மரச்செதுக்குப் படமாகவும் அச்சிட்டார். ஊரியின் உருவம் தாளில் நிலைத்தது, இசை நிலைக்கவில்லை. அந்த இசையைச் சொல்லில் நிலைநிறுத்தும் பணி காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளுக்கு வாய்த்தது. அவரியற்றிய ‘நீரர மகளிர் இன்னிசைப் பாடல்’ இவ்வாவியின் ஓசையைப் பொருளாகக் கொண்டதே. எனவே படத்தைக் கற்பவர் அதனருகே பாடலையும் மீனவர் சொல்லையும் வைத்துக் கற்றல் வேண்டும்.

புகைப்படக் கலை 1839இல் உலகுக்கு அறிமுகமாயிற்று. பிரெடெரிக் பீபிக் 1852ஆம் ஆண்டளவில் இலங்கையிற் படமெடுத்து அவற்றுக்குக் கையால் வண்ணந் தீட்டினார். பின்னர் கொழும்பில் ஸ்கீன், ஸ்கோவன், பிளாற்றே முதலிய நிறுவனங்கள் பிரபலமடைந்தன. ஆனால் அவர்களின் தொகுதிகளிற் கண்டியும் பேராதனையும் கொழும்புத் துறைமுகமும் நிறைந்திருக்க, கீழைக்கரைக் காட்சிகள் அருகியே காணப்படுவதற்குத் தக்க காரணமுண்டு. அக்காலத்து முறைப்படி, கண்ணாடித் தகட்டில் இரசாயனத் திரவத்தைப் பூசி, அது ஈரம் உலரு முன்னரே படமெடுத்து, அவ்விடத்திலேயே இருட்டுக் கூடாரத்திற் கழுவியாக வேண்டும். தகடுகளும் திரவப் போத்தல்களும் கூடாரமும் கூலியாட்களுமாகச் செல்லுவது புகைவண்டியும் நல்ல வீதியும் உள்ள இடத்திலேயே சுலபமாயிற்று. கண்டிக்கு 1867இல் வந்த புகைவண்டி மட்டக்களப்புக்கு 1928இலேயே வந்து சேர்ந்தது. இடைப்பட்ட அறுபத்தோராண்டுக் காலம் நம் படத்தொகுதியில் ஏறக்குறைய வெறுமையாகத் தோன்றுவது இந்தத் தூரத்தின் நிழலே.

அந்த இடைக்காலத்திற் படப்பெட்டியோடு இப்பக்கம் வந்தோரிற் குறிப்பிடத்தக்கவர் மானிட விஞ்ஞானிகள். சுவிற்சர்லாந்து தேசத்துச் சராசின் சகோதர முறையினரான பவுலும் பிரிற்சும் 1883 முதல் 1886 வரை இலங்கையிற் சஞ்சரித்து, வேடரையும் அவர்களைச் சூழ வாழ்ந்த தமிழர், சிங்களவர், சோனகரையும் படமெடுத்து, 1892, 1893ஆம் ஆண்டுகளில் பெருந்தொகுதியாக வெளியிட்டனர். செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட வேடர் பற்றிய நூலில், மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் இடையே கடலோரத்தில் மீன்பிடித்து, தமிழ் பேசி வாழ்ந்த கரையோர வேடரைப் பற்றித் தனி அத்தியாயமே உண்டு. அப்படங்கள் இன்றேல் அம்மக்களின் முகங்களை நாம் அறியோம். அதற்காக அவற்றை எடுத்தவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். எனினும் முன்புறமும் பக்கவாட்டுமாக நிறுத்தி, இன்ன குலத்து ஆடவன், இன்ன குலத்துப் பெண் என்று இனமாதிரியாக எடுக்கப்பட்டவரிற் பலருக்குப் படத்தில் முகமிருக்கிறது, பெயரில்லை. ஒருவர் பெயரை எழுதாது விட்டால், அவர் பேரப்பிள்ளைகள் அவரைத் தேடி வரும் வழி அடைபட்டுப் போகிறது.

பெயரும் ஆண்டும் இல்லாத படத்தின் காலத்தை ஒருவாறு நிர்ணயிக்க மட்டக்களப்பு நிலமே துணை செய்யும். முகத்துவாரத்திலுள்ள கலங்கரை விளக்கம் 1913இல் அமைந்தது; வாவியின் வாயைக் காட்டும் படத்தில் அது தோன்றின் படம் அதற்குப் பிற்பட்டது. கல்லடியில் இரும்புப் பாலம், தேசாதிபதி மனிங் என்பாரின் மனைவியார் பெயர் தாங்கி, 1924இல் திறக்கப்பட்டது. தோணித்துறை மட்டுமே தெரியும் கல்லடிப் படம் அதற்கு முற்பட்டது. இரும்புப் பாலத்தின் அருகே புதிய பாலமும் நிற்குமாயின் அது 2013க்குப் பின் எடுத்ததாகும். எழுவான்கரையின் தென்னஞ்சோலைகள் 1978ஆம் ஆண்டு நவம்பர் 23இல் வீசிய சூறாவளியில் விழுந்தன. ஆதலின் ஒரு படத்திலுள்ள தென்னைகளின் உயரமும் நெருக்கமும் கூடக் காலத்தைச் சொல்லும் சாட்சியாகும். எஸ். ஓ. கனகரத்தினம் 1921இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட மட்டக்களப்பு மாவட்ட நூலையும், பண்டிதர் வீ. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்னும் நூலையும் அருகே வைத்துப் படங்களைப் பார்ப்பவர், ஊமையாய் நின்ற காட்சிகள் பேசத் தொடங்குவதை உணர்வர்.

இத்துறையில் அறிஞர் செய்த தொகுப்புப் பணி போற்றத்தக்கது. ஒல்லாந்தர் காலத்துச் சித்திரங்களை ஆர். கே. டி சில்வாவும் பியூமரும் 1988இலும், ஆங்கிலேயர் காலத்துப் புகைப்படங்களை இஸ்மத் ரஹீமும் பேர்சி கொலின்-தோமேயும் 2000ஆம் ஆண்டிலும் நூல்களாக்கித் தந்தனர். அமெரிக்க மானிடவியலறிஞர் டெனிஸ் மக்கில்வ்ரே, 1969 முதல் அக்கரைப்பற்றுப் பகுதியில் மக்களோடு தங்கி ஆராய்ந்தவர். 1998இல் அவர் வெளியிட்ட படநூல் வழிபாட்டையும் வீட்டு வாழ்வையும் அணுக்கமாகக் காட்டுகிறது. 2005இல் ஆரம்பமான நூலகம் நிறுவனம் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிம வடிவிற் காத்து வருகிறது. இவையனைத்தும் இருந்தும், படுவான்கரையை உள்ளிருந்து காட்டும் படத்தொகுதி இன்னும் கூடிவரவில்லை.

அத்தொகுதிக்கு வேண்டிய மூலங்கள் ஐரோப்பிய ஆவணச் சாலைகளில் இல்லை. நம் வீட்டுப் பெட்டகங்களில் இருக்கின்றன. போடியார் வீட்டுக் கலியாணப் படம், கரப்புடுப்பும் முடியும் தரித்து வட்டக்களரியில் நிற்கும் கூத்தரின் படம், கண்ணகை அம்மன் சடங்கிற் கூடிய ஊராரின் படம், பறங்கியர் குடும்பங்களின் விருந்துப் படம், சோனகக் கடைத்தெருவின் படம், பாடசாலை வகுப்புப் படம் ஆகிய இவையே வெளியார் திறவாத சாளரங்கள். அவற்றுள் எத்தனையோ சூறாவளியில் நனைந்தழிந்தன; யுத்த காலத்தில் இடம்பெயர்ந்தோர் கைவிட்டுச் சென்ற வீடுகளில் எத்தனையோ எரிந்தன; 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை கல்லடியிலும் நாவலடியிலும் டச்பாரிலும் மனிதரோடு அவர்தம் படங்களையும் கொண்டு சென்றது. தாயின் முகத்தைப் பிள்ளைக்குக் காட்ட ஒரு படமேனும் மிஞ்சாத குடும்பங்கள் இக்கரையில் உண்டு.

ஆதலால் இதை வாசிக்கும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலுள்ள பழைய படங்களை இன்றே எடுத்து, மூத்தோர் உயிரோடிருக்கும்போதே அவர்களை அருகில் இருத்தி, படத்திலுள்ளோர் பெயரையும் ஊரையும் ஆண்டையும் கேட்டு, ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் மென்மையான பென்சிலால் எழுதி வையுங்கள். பின்பு அதன் பிரதியொன்றை ஆவணம் காக்கும் ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்துவிடுங்கள். மூலப்படம் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.