ஆயிரவருட அரசாட்சியும் சங்காரமும்

போடிநாயக்கனூருக்கு மேற்கே எழும் மலைத்தொடர் தமிழகத்தையும் சேரநாட்டையும் பிரித்து நிற்பது. உலகமுடிவு பற்றிக் கிறித்துவ சமயத்தார் கொண்ட கோட்பாடு இந்நாட்டில் எங்ஙனம் விளைந்தது என்பதை அறிய விரும்புவோர் அத்தொடரின் இருபுறமும் நோக்குதல் வேண்டும். கீழ்ப்புறத்தே, போடிக்குத் தென்கிழக்கிலுள்ள வத்திராயிருப்பை அடுத்துக் கிறித்தியான்பேட்டையை 1840இல் நிறுவிய அருளப்பர், அந்தோணி நாரிசு குரோவ்சு என்னும் ஆங்கிலச் சமயப்பணியாளரின் மாணாக்கர். கிறித்து விரைவில் மீள்வர் என்பது அக்கூட்டத்தாரது உறுதி. 1860இல் அருளப்பர்பால் எழுந்த கிளர்ச்சி திருநெல்வேலிச் சீமையிற் பரவிப் பின்னர் மலையையுங் கடந்தது. மேற்புறத்தே திருவிதாங்கூரில், தமிழ் அந்தணர் குடியிற் பிறந்து கிறித்துவரான யுஸ்துஸ் ஜோசப் 1875இல் அதனை ஏற்று, 1881இல் கிறித்து வருவரென நாளுங் குறித்தனர். நாள் வந்தது, வருகை நிகழ்ந்திலது. எஞ்சினோர் யுயோமயம் என்னும் பெயரிற் சிறு கூட்டமாய் நின்றனர்.

இதனைக் கேட்டு நகைத்தல் சைவருக்கு எளிது, நகைப்பு மறுப்பாகாது. அந்நாளைத் தந்தையன்றிக் குமாரனும் அறியான் என மாற்கு சுவிசேடமே கூறுதலின், நாட்குறித்தோர் தம் நூலுக்கே மாறாயினர் என்று கிறித்துவர் விடுப்பர். அற்றாயினும், அங்கு நின்றாருட் சிலர் இறக்குமுன் தேவராச்சியங் காண்பர் என்பதும் அச்சுவிசேடத்தே உளது. இயேசுவே அணித்தாய முடிவை எதிர்நோக்கினர் என்று 1906இல் ஆல்பர்ட் சுவைட்சர் எழுதினர். அவ்வரசு அவரோடே வந்துவிட்டது என்று 1935இல் தாடு என்பார் விடைகூறினர். ஆயிரவருட ஆட்சியைத் திருச்சபையின் காலமென அகஸ்தீன் முன்னரே பொருள்கொண்டனர். இத்துணை வேற்றுமை ஒரு சொல்லின்மேல் எழுதல் வியப்பன்று. எழ வேண்டிய வினா வேறு.

அந்நாளிற் பக்குவமுறாத உயிர் என்னாம்? அனைத்துயிர்க்கும் ஒருநாள், ஒரு தீர்ப்பு என்புழி இவ்வினாவிற்கு விடையில்லை. போடி மலைச்சரிவில் ஏலம் எடுப்போர் அறிவர்: ஒரு சரத்திலுள்ள காய்களே ஒருங்கு முற்றா, முப்பது நாற்பது நாட்கொருமுறை சென்று முற்றியவற்றை மட்டுங் கொய்வர். பிஞ்சினைப் பிஞ்சென்று எறிவார் இலர். மலபரிபாகமும் அத்தகைத்து. சித்தாந்தத்திலும் உலகொடுக்கம் உண்டு. சிவஞானபோத முதற்சூத்திரம் ஒடுக்கிய முதல்வனையே உலகிற்கு முதலாகக் கொள்வது. ஆயின் அவ்வொடுக்கம் தண்டமன்று; பிறந்திறந்து இளைத்த உயிர்க்கு இளைப்பாற்றல். மலம் எஞ்சியிருத்தலின் மீட்டும் படைப்பு உளதாயிற்று. எனவே சங்காரமும் அருளின் தொழிலே என்க.

அற்றேல், முடிவில்லாப் பிறவி முயற்சியைக் கெடுக்குமன்றோ, வருகையை எதிர்நோக்குவார்க்குள்ள விரைவு சைவர்க்கு யாண்டையது எனின், அது வலிய கடாவே. பரமுத்திக்கு உலகமுடிவு வேண்டப்படாமையின் இவ்வுடம்பிற்றானே சீவன்முத்தி எய்தலாம் என்பதும், இவ்வுடம்போ நிலையாது என்பதும் அதற்கு விடை. விடை போதியதே. ஆயின் பிறவி பல என்பதனைச் சோம்பற்கு மறைப்பாகக் கொண்டு, திருநீறும் ஐந்தெழுத்தும் முதுமைக்கென ஒதுக்கிவைப்பார் வாயினின்று அது வருமாயின், 1881இல் ஏமாந்தாரும் அவரை நகைப்பர்.