பட்டிக்கு அடியில் போன அம்பாசடர்

பழைய அம்பாசடர் ஒன்றை மதுரைப் பட்டறையில் விட்டால் புதுக்கருக்கோடு திரும்பி வரும். டிங்கரிங் முடித்து, பட்டி இழுத்து, மெட்டாலிக் பெயின்ட் அடித்திருப்பார்கள். முன்னால் இருந்த நீள சீட் போய் இரண்டு தனி சீட் வந்திருக்கும்; ஸ்டீயரிங்கை ஒட்டியிருந்த கை கியர் தரைக்கு இறங்கியிருக்கும். கல்யாண ஊர்வலத்துக்குப் பாந்தமான வண்டிதான். ஆனால் உத்தர்பாரா ஆலையிலிருந்து வந்த கார் அதில் எவ்வளவு மிச்சம்?

மெக்கானிக்குகளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. டி.வி.சுந்தரம் ஐயங்கார் அந்தக் காலத்திலேயே பஸ் விட்ட ஊர் இது. வண்டி வேலை இங்கே தலைமுறை தலைமுறையாக வந்த கைப்பழக்கம். 2014-இல் அம்பாசடர் உற்பத்தி நின்ற பிறகும் உதிரிபாகங்களை லேத்தில் கடைந்தும் சென்னைப் புதுப்பேட்டையில் தேடியும் இவர்கள் உயிர் கொடுக்காவிட்டால், மேலூரிலும் உசிலம்பட்டியிலும் ஓடும் வண்டிகள் எப்போதோ எடைக்குப் போயிருக்கும். பெட்ரோல் விலை கட்டுப்படியாகாமல் மெட்டடார் வேனின் டீசல் எஞ்சினை ஏற்றியதும் அந்தப் பிழைப்பில் சேர்ந்ததுதான்.

சட்டம் இடறுவது இந்த இடத்தில். 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவாகி 50 ஆண்டு கடந்த, சேசிஸ், பாடி, எஞ்சின் மாற்றப்படாத வண்டிக்கே விண்டேஜ் பதிவு. கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டுக்குச் செல்லும். அசலுக்குச் சட்டத்தில் ஒரு மதிப்புக் கிடைத்தது பெரிய காரியம். ஆனால் டீசல் எஞ்சின் ஏறிய அம்பாசடருக்கு அதில் இடமில்லை. பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவாவின் டுரின் சாசனமோ, வண்டி உழைத்த காலத்தில் ஏற்பட்ட மாற்றங்களையும் அதன் சரித்திரமாகக் காக்கச் சொல்கிறது. எனக்கு அதுவே நியாயமாகப் படுகிறது. பிழைப்புக்காக அந்தக் காலத்தில் ஏற்றிய எஞ்சின் வேறு, அழகுக்காகப் போன மாதம் போட்ட அலாய் வீல் வேறு.

பிரேக் ஹோஸ், வயரிங், டயர் எல்லாம் மாற்றியே ஆகவேண்டும். உயிர் சம்பந்தப்பட்டது, அதில் அசல் பார்க்கக் கூடாது. தகரமும் பெயின்டும் அப்படியல்ல. ஒருமுறை சுரண்டினால் போயிற்று. அதிலும் தூத்துக்குடி உப்புக்காற்றில் நின்ற வண்டியைப்போல நம் வறண்ட சமவெளியில் தகரம் அரித்துவிடுவதில்லை. வெயிலில் ரப்பரும் சீட்டும்தான் வெடிக்கின்றன. பீடிங்கை மாற்றி சீட்டைத் தைத்தால் தீர்ந்துபோகும் வண்டிக்கு முழு டிங்கரிங் எதற்கு?

சந்தையும் தலைகீழாக இருக்கிறது. மங்கிய கம்பெனி பெயின்டைக் காட்டி விலையைக் குறைக்கிறார்கள், பளபளப்புக்கு அள்ளிக் கொடுக்கிறார்கள். வாங்கப் போகிறவர் சின்னக் காந்தத் துண்டு ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துப் போகட்டும். கதவின் கீழ் விளிம்பில் அது ஒட்டாமல் நழுவினால் அங்கே பட்டி கனமாக இருக்கிறது. கதவு பீடிங்கை விலக்கியும் டிக்கி மேட்டைத் தூக்கியும் பார்த்தால் பழைய நிறம் பெரும்பாலும் அகப்படும். சேசிஸ் எண்ணை ஆர்.சி. புக்கோடு ஒப்பிட வேண்டும். எஞ்சின் மாற்றியிருந்தால் அதுவும் புக்கில் ஏறியிருக்க வேண்டும். கழற்றிய கை கியர், மீட்டர், கிரில் எங்கே என்றும் கேளுங்கள். பட்டறை மூலையில் கிடந்தால் வண்டியோடு சேர்த்தே விலை பேசுங்கள்.